அயலூர் வாயிலிற் கடவுச்சொல்: இணைய அயலிட அணுகலின் வரலாறு

இணையத்தின் வரலாற்றை எழுதுவோர் கருவிகளுக்கும் கம்பிகளுக்கும் அவற்றை ஆக்கியோர்க்கும் கொடுக்கும் இடத்தை, நிறுவனங்களிடையே எழுந்த உடன்பாடுகளுக்குக் கொடுப்பதில்லை. ஓர் ஊரில் ஒரு சேவை வழங்குநரிடம் பதிவுசெய்துகொண்ட பயனரை, மற்றோர் ஊரிலுள்ள முற்றிலும் வேறான வழங்குநர் தன் வாயிலில் ஏற்று உள்ளே விடுவது எவ்வாறு இயல்வதாயிற்று என்னும் வினாவும் இவ்வாறு புறக்கணிக்கப்பட்டவற்றுள் ஒன்றாகும். ஆங்கிலத்தில் ‘ரோமிங்’ என வழங்கும் இவ்வேற்பாட்டை ஈண்டு அயலிட அணுகல் எனக் குறிப்பிடலாம். அது பல்கலைக்கழகங்களிற் பிறந்து, வணிகத்தின் கைக்குச் சென்று, பின்னர்ப் பல்கலைக்கழகங்களையே வந்தடைந்தது. யார் யாரை எவ்வளவு தூரம் நம்புவது என்னும் வினாவுக்குக் கணினி நிருவாகிகள் காலந்தோறும் கண்ட விடைகளின் வரலாறாக அதனைக் கொள்ளுதல் பொருந்தும்.

தொண்ணூறுகளின் முற்பகுதியில் வீட்டிலிருந்து இணையத்தை அடைய விரும்பிய ஒருவர், மொடெம் கருவியைத் தொலைபேசிக் கம்பியிற் பொருத்தித் தம் சேவை வழங்குநரின் இலக்கத்தை அழைக்கவேண்டியிருந்தது. வழங்குநர் அதே ஊரில் இருக்கும்வரை இதில் இடரொன்றுமில்லை. அவர் வெளியூருக்குச் சென்றுவிட்டாலோ, தம் மின்னஞ்சலைப் பார்ப்பதற்கு நெடுந்தூர அழைப்புக்குரிய கட்டணத்தை நிமிடந்தோறும் செலுத்தவேண்டியதாயிற்று. சென்ற ஊரிலும் சேவை வழங்குநர் இருந்தனர். அவர்களிடம் மொடெம்களும் இருந்தன. ஆயினும், அழைப்பவர் யார் என்பதையும், அவர் பயன்படுத்தும் நேரத்துக்கு யார் பணம் தருவார் என்பதையும் அவர்கள் அறிய வழியில்லை. கையடக்கத் தொலைபேசித் துறை இதே இடரை ஓரளவு எளிதாகத் தீர்த்துக்கொண்டது. பின்லாந்தின் தொலைத்தொடர்பு நிறுவனமும் பிரித்தானியாவின் வொடபோன் நிறுவனமும் 1992 ஆம் ஆண்டிலேயே நாடுகடந்த அயலிட உடன்பாட்டைச் செய்துகொண்டன. அத்துறையில் நாட்டுக்குச் சில நிறுவனங்களே இருந்தன; அவை யாவும் ஒரே நியமத்தைப் பின்பற்றின. இணையச் சேவை வழங்குநரோ ஆயிரக்கணக்கினர். அவருட் பலர் ஒரு சிறு அறையும் சில தொலைபேசிக் கம்பிகளும் ஒரு கணினியும் கொண்டு தொழில் தொடங்கியவர். அவர்கள் ஒவ்வொருவரும் ஏனைய ஒவ்வொருவரோடும் தனித்தனி உடன்பாடு செய்தல் நடவாத காரியம்.

இவ்விடர் முதன்முதலிற் பெருமளவில் எதிர்கொள்ளப்பட்ட இடங்களுள் அமெரிக்க ஐக்கிய நாடுகளின் மிச்சிகன் மாநிலம் குறிப்பிடத்தக்கது. மிச்சிகன் பல்கலைக்கழகம், மிச்சிகன் மாநிலப் பல்கலைக்கழகம், வெயின் மாநிலப் பல்கலைக்கழகம் ஆகிய மூன்றும் தம் கணினிகளை ஒன்றோடொன்று இணைக்கும் நோக்குடன் 1966 ஆம் ஆண்டில் மெரிற் என்னும் கூட்டமைப்பை நிறுவின. 1987 ஆம் ஆண்டில் தேசிய விஞ்ஞான நிதியத்தின் முதுகெலும்பு வலையமைப்பை நடத்தும் பொறுப்பும் மெரிற்றுக்குக் கிடைத்தது. மாநிலத்துக்குள் அது நடத்திய மிச்நெற் வலையமைப்பில் ஒரு சிறப்பான ஏற்பாடு இருந்தது. ஒரு கல்லூரியைச் சேர்ந்த மாணவர், மாநிலத்தின் எந்த நகரிலுள்ள பொது மொடெம் தொகுதியையும் உள்ளூர் அழைப்பால் அடையலாம். அவர் யார் என்பதை அவருடைய சொந்தக் கல்லூரியின் கணினியே உறுதிசெய்யும். மொடெம் உள்ள இடமும் பெயர்ப்பட்டியல் உள்ள இடமும் இங்கு முதன்முறையாகத் தெளிவாகப் பிரிக்கப்பட்டன எனலாம்.

இவ்வேற்பாட்டுக்குப் பொருந்திய தொடர்பு நெறியொன்றை வேண்டி 1991 ஆம் ஆண்டில் மெரிற் விடுத்த அறிவித்தலுக்குக் கலிபோர்னியாவைச் சேர்ந்த லிவிங்ஸ்ரன் என்னும் சிறு கம்பனி விடையளித்தது. அதன் விளைவே றேடியஸ் என்னும் நெறியாகும். லிவிங்ஸ்ரன் தன் சேவையக மென்பொருளின் மூலநிரலை இலவசமாக வெளியிட்டது. மெரிற்றும் பிறரும் அதனை எடுத்துத் தத்தம் தேவைக்கேற்ப விரித்தனர். 1997 சனவரியில் இந்நெறி இணையப் பொறியியற் பணிக்குழுவின் ஆவணமாக வெளிவந்தபோது, அதன் ஆசிரியர் நால்வருள் லிவிங்ஸ்ரனைச் சேர்ந்தோரும் மெரிற்றைச் சேர்ந்தவரும் இடம்பெற்றிருந்தனர். நெறி ஆவணமாக்கப்படுமுன்பே அது பல நாடுகளில் இயங்கிக்கொண்டிருந்தது. இதனால் ஒரு வேடிக்கையும் நேர்ந்தது. தொடக்ககாலத்தில் பயன்படுத்தப்பட்ட 1645 என்னும் வாயில் இலக்கம் வேறொரு சேவைக்கு ஏற்கெனவே வழங்கப்பட்டிருந்தமை பின்னரே தெரியவந்தது. முறைப்படி 1812 என்னும் இலக்கம் ஒதுக்கப்பட்டதன் பின்னும், பழைய கருவிகளைக் கைவிட இயலாத நிருவாகிகள் பல்லாண்டுகள் இரண்டு வாயில்களையும் திறந்துவைத்துக் காத்திருக்க நேர்ந்தது.

றேடியஸ் இயங்கும் முறையைச் சற்று விரிவாக நோக்குதல் அவசியமாகும். பின்னர் எழுந்த நன்மை தீமைகள் யாவற்றுக்கும் வித்து அதிலேயே கிடக்கிறது. பயனரின் அழைப்பை ஏற்பது மொடெம்களைத் தாங்கிய அணுகற் சேவையகம். அது பயனர் பெயரையும் கடவுச்சொல்லையும் ஒரு வினவற் பொதியில் இட்டு, அடையாளத்தை உறுதிசெய்யும் றேடியஸ் சேவையகத்துக்கு அனுப்பும். அங்கிருந்து ஏற்பு அல்லது மறுப்பு என்னும் விடை வரும். ஏற்பாயின், பயனருக்கு எவ்வித இணைப்பை எவ்வளவு நேரம் வழங்கலாம் என்பன போன்ற குறிப்புகளும் விடையோடு சேர்ந்து வரும். அணுகற் சேவையகமும் றேடியஸ் சேவையகமும் ஒன்றையொன்று அறிந்துகொள்வதற்கு இரண்டிலும் நிருவாகி முன்கூட்டியே எழுதிவைத்த ஒரு மறைச்சொல்லே ஆதாரம். கடவுச்சொல் அம்மறைச்சொல்லின் துணைகொண்டு எம்டி5 என்னும் கணிப்புமுறையால் மூடப்பட்டே கம்பியிற் செல்லும். அதே கணிப்புமுறையே விடை உண்மையானது என்பதற்கும் சான்று.

லிவிங்ஸ்ரனின் சேவையகத்தை நிறுவுபவரின் பணி பெரும்பாலும் மூன்று பாடக்கோப்புகளுக்குள் அடங்கிற்று. ஒன்றில் எந்தெந்த அணுகற் சேவையகம் வினவலாம் என்பதும் அதற்குரிய மறைச்சொல்லும். மற்றொன்றிற் பயனரும் அவர்தம் உரிமைகளும். மூன்றாவதில் நெறியின் பண்புகளுக்குரிய அகராதி. ஒரே நிறுவனத்துக்குள் இவை போதும். அயலிட அணுகலுக்கு மெரிற்றின் மென்பொருள் நான்காவதொரு கோப்பைச் சேர்த்தது. பயனர் பெயரோடு இணைந்து வரும் ஆள்புலப் பெயரைக் கண்டு, அவ்வினவலை எந்தச் சேவையகத்துக்கு மாற்றிவிடுவது என்பதை அக்கோப்பு கூறிற்று. இவ்வாறு வினவலைப் பெற்று அப்பால் அனுப்பும் சேவையகம் இடைச் சேவையகம் எனப்பட்டது. பார்வைக்குச் சில வரிகளே கொண்ட அக்கோப்பில் ஒரு பெயர் எழுதப்படுவது, முன்பின் காணாத ஒரு நிறுவனத்தின் சொல்லை ஏற்று அந்நியர் ஒருவருக்குக் கதவு திறப்பதற்கு ஒப்பானது.

பயனர் பெயரை எழுதும் முறையிலும் நெடுநாள் ஒருமைப்பாடு இருக்கவில்லை. சிலர் தாய் நிறுவனத்தின் பெயரை முதலில் எழுதிச் சாய்கோடொன்றை இட்டனர். சிலர் விழுக்காட்டுக் குறியைப் பயன்படுத்தினர். மின்னஞ்சல் முகவரி போன்று எழுதுவதே மெரிற்றின் வழக்கம். 1999 சனவரியில் வெளிவந்த ஆவணமொன்று இறுதி முறையையே பொதுவிதியாக்கியது. மின்னஞ்சலுக்காக உலகெங்கும் ஒருவரோடொருவர் மோதாவண்ணம் ஏற்கெனவே வழங்கப்பட்டிருந்த ஆள்களப் பெயர்கள் இதற்கும் பயன்பட்டமையால், புதியதொரு பெயர்ப் பதிவகத்தை நிறுவவேண்டிய தேவை எழவில்லை. சிறிய முடிவாயினும் இதனாற் பின்னாளில் விளைந்த பயன் பெரிது.

வணிக உலகம் இத்துறையில் இறங்கியது 1996 ஆம் ஆண்டிலாகும். அவ்வாண்டு மே மாதத்தில் கலிபோர்னியாவின் ஏம்குவெஸ்ற் என்னும் நிறுவனத்தின் முன்முயற்சியாற் பல நாடுகளின் வழங்குநர் சேர்ந்து கிரிக் என்னும் கூட்டமைப்பை உருவாக்கினர். அதே ஆண்டில் ஐபாஸ் என்னும் நிறுவனமும் தோன்றிற்று. தனக்கென மொடெம் எதனையும் வைத்திராது, வழங்குநர்களிடையே அடையாள உறுதிப்பாட்டையும் கணக்கையும் தீர்த்துவைக்கும் தீர்ப்பனவகமாக ஐபாஸ் இயங்கியது. ஒவ்வொரு வழங்குநரும் தீர்ப்பனவகத்தோடு மட்டும் உடன்பாடு செய்துகொண்டாற் போதும். ஏனைய அனைவரோடும் உடன்பாடு செய்துகொண்டதன் பயன் கிட்டும். ஓர் ஊரில் எழுதிய தாளுக்கு மற்றோர் ஊரிற் பணம் பெறும் உண்டியல் வணிகத்தை அறிந்தோர்க்கு இவ்வமைப்பு புதிதாகத் தோன்றாது.

இவற்றை ஒருங்கே ஆராய்ந்து 1997 செப்ரெம்பரில் இணையப் பொறியியற் பணிக்குழு வெளியிட்ட மீளாய்வு, இத்துறையின் தொடக்ககால வரலாற்றுக்கு மூலாதாரமாக விளங்குகிறது. கிரிக், ஐபாஸ், மெரிற் ஆகியவற்றோடு சீனாநெற்றும் அதில் இடம்பெற்றது. சீனாவில் ஒவ்வொரு மாகாணமும் தன் பயனரைத் தானே நிருவகித்தது. ஆயினும் நாடெங்கும் 163 என்னும் ஒரே இலக்கத்தை அழைத்து இணைப்பைப் பெறலாம். ஏனைய கூட்டமைப்புகள் எந்த நகரில் எந்த இலக்கம் என்பதைக் கூறும் தொலைபேசிப் பட்டியலைத் தொகுத்து, அதனை ஓயாது புதுப்பித்துப் பயனரின் கணினிக்கு அனுப்பவேண்டியிருந்தது. சீனாவில் அந்தப் பெருந்தொல்லை இல்லை. அவ்விலக்கம் மக்கள் மனத்தில் எவ்வளவு பதிந்ததெனின், அந்நாட்டின் பெரிய இணைய நிறுவனமொன்று அதனையே தன் முகவரியாக வைத்துக்கொண்டது.

ஒரு சிறு வழங்குநர் இத்தகைய கூட்டமைப்பிற் சேர்ந்தபோது அவரிடத்தில் நிகழ்ந்ததை நோக்குதல் பயன்தரும். கூட்டமைப்பு தன் சேவையக மென்பொருளை அவருக்கு வழங்கும். அவருடைய பயனர் வெளியூரில் அழைக்கும்போது வரும் வினவல்களை ஏற்று அவருடைய பெயர்ப்பட்டியலோடு ஒப்பிடும் பகுதி ஒன்று. வெளியூர்ப் பயனர் அவருடைய மொடெமை அழைக்கும்போது வினவலைத் தீர்ப்பனவகத்துக்கு அனுப்பும் பகுதி மற்றொன்று. தன்னோடு கொள்ளும் தொடர்பை ஐபாஸ் றேடியசின் எம்டி5 மூட்டத்தோடு விட்டுவிடாது, எஸ்எஸ்எல் என்னும் வலிய குறியாக்கத்துக்குட் செலுத்தியது. நிருவாகியின் நாளாந்த இடர்கள் இங்குதான் தொடங்கின. அணுகற் சேவையகம் சில விநாடிகளே விடைக்காகக் காத்திருக்கும். அதன்பின் அதே வினவலை மீண்டும் அனுப்பும். கடல் கடந்து செல்லவேண்டிய வினவல் அக்காலத்து இணைப்புகளிற் சில வேளைகளில் அதனினும் நீண்ட நேரம் எடுத்தது. காத்திருக்கும் நேரத்தைக் கூட்டினால், இறந்துபோன சேவையகத்தை விட்டு மாற்றுச் சேவையகத்தை நாடுவது தாமதமாகும். இரண்டு இடைச் சேவையகங்கள் தமக்குத் தெரியாத ஆள்புலங்களை ஒன்று மற்றொன்றுக்கே அனுப்பும்படி எழுதப்பட்டிருப்பின், பிழையாகத் தட்டச்சிட்ட ஒரு பெயர் அவ்விரண்டுக்குமிடையே பந்து போல் ஓடிக்கொண்டிருக்கும்.

கணக்கின் இடர் இதனினும் பெரிது. இணைப்புத் தொடங்கும்போது ஒரு பதிவும் முடியும்போது ஒரு பதிவும் அனுப்பப்படும். பணம் கணக்கிடப்படுவது முடிவுப் பதிவிலுள்ள விநாடிகளைக் கொண்டே. இப்பதிவுகள் சென்ற வழியோ, பொதி சேர்ந்ததா என்பதைத் தானாகப் பொறுப்பேற்காத யூடிபி வழி. இடையிலொரு சேவையகம் நின்றுபோனால் முடிவுப் பதிவு வாராது. மீள அனுப்பப்பட்டால் இருமுறை வரும். பதிவு எத்தனை விநாடி தாமதித்து அனுப்பப்படுகிறது என்பதைக் கூறும் பண்பு நெறியில் இருந்ததேயன்றி, நிகழ்ந்த நேரத்தையே குறிக்கும் பண்பு 2000 ஆம் ஆண்டில் வெளிவந்த விரிவாக்கத்திலேதான் சேர்க்கப்பட்டது. ஆகவே மாத முடிவில் இரு வழங்குநரின் பேரேடுகள் ஒத்துப்போகாமை வியப்பன்று. அடையாளத்தை உறுதிசெய்வதில் நேரும் பிழை ஒரு பயனரை வெளியே நிறுத்தும். கணக்கில் நேரும் பிழையோ இரு நிறுவனங்களைப் பிணக்குக்கு இட்டுச்சென்றது.

எனினும், இவ்வமைப்பின் ஆழ்ந்த குறைபாடு கடவுச்சொல்லைப் பற்றியது. மறைச்சொல் என்பது அடுத்தடுத்த இரு சேவையகங்களுக்கு மட்டுமே உரியது. ஆதலால் ஒவ்வோர் இடைச் சேவையகமும் தனக்கு வந்த கடவுச்சொல்லின் மூட்டத்தை அவிழ்த்து, அடுத்த சேவையகத்துக்குரிய மறைச்சொல்லால் மீண்டும் மூடவேண்டும். அவிழ்த்த கணத்தில் அது வெளிப்படையான எழுத்தாக அச்சேவையகத்தின் நினைவகத்திற் கிடக்கும். தீர்ப்பனவகத்துக்குச் செல்லும் வழி எவ்வளவு வலிதாகக் காக்கப்பட்டாலும், பயனர் அழைத்த அயல் வழங்குநரின் கணினி அக்கடவுச்சொல்லைக் கண்டே தீரும். கடவுச்சொல்லை அனுப்பாது அதன் கணிப்பை மட்டும் அனுப்பும் சாப் என்னும் மாற்றுமுறை இருந்தது. அதற்கோ தாய் வழங்குநர் எல்லாப் பயனரின் கடவுச்சொற்களையும் மூடாமலே சேமித்துவைக்கவேண்டும். 1999 சூனில் வெளிவந்த ஆவணமொன்று, இடைச் சேவையகங்கள் கடவுச்சொல்லைத் திருடவும் விடைகளைத் திருத்தவும் கணக்குகளைப் பெருக்கவும் வல்லன என்பதை ஒளிவுமறைவின்றிக் கூறிற்று. அவ்வாவணத்தை எழுதியோர் இம்முறையை ஆக்கிய வட்டத்தினரே என்பது மனங்கொள்ளத்தக்கது. வணிகக் கூட்டமைப்புகள் இவ்வபாயத்தை ஒப்பந்தங்களால் ஈடுசெய்ய முயன்றன. ஒப்பந்தம் திருட்டுக்குத் தண்டம் விதிக்குமேயன்றித் திருட்டைத் தடுக்காது.

வணிக முயற்சியின் பிற்காலத்தைச் சுருக்கமாகக் கூறிவிடலாம். கிரிக் 1999 இலும் ஐபாஸ் 2003 இலும் பங்குச் சந்தைக்கு வந்தன. கிரிக் 2004 இல் கோரிமோற் எனப் பெயர் மாற்றிக்கொண்டது. 2006 இல் அதனை ஐபாஸ் வாங்கிற்று. தொலைபேசிவழி இணைப்பு அதற்குள் மங்கத் தொடங்கியிருந்தது. விடுதிகளிலும் விமான நிலையங்களிலும் கம்பியில்லா இணைப்புப் பரவியபோது ஐபாஸ் அங்கும் தன் தொழிலைத் தொடர்ந்தது. ஆயினும் கைத்தொலைபேசியே இணையத்தை ஏந்திவரத் தொடங்கியதன் பின் இத்தகைய இடைத்தரகுக்கு இருந்த தேவை குன்றிற்று. 2019 ஆம் ஆண்டில் ஐபாஸ் பரேற்றியம் என்னும் நிறுவனத்தின் உடைமையாயிற்று.

இதற்கிடையில் வேறொரு திசையில் மாற்றம் நிகழ்ந்தது. 2002 ஆம் ஆண்டில் நெதர்லாந்தின் கல்வி வலையமைப்பான சேர்வ்நெற்றைச் சேர்ந்த கிளாஸ் வீறெங்கா, பல்கலைக்கழகங்களின் றேடியஸ் சேவையகங்களை ஒன்றிணைத்து, அவற்றோடு 802.1எக்ஸ் என்னும் வாயிற்காப்பு நியமத்தையும் சேர்த்தால், ஒரு பல்கலைக்கழகத்தினர் மற்றொன்றின் கம்பியில்லா வலையமைப்பைத் தம் சொந்தக் கடவுச்சொல்லாலேயே பயன்படுத்தலாம் எனக் கருதினார். அடுத்த ஆண்டில் ஐரோப்பியக் கல்வி வலையமைப்புகளின் சங்கமான ரெரேனாவின் ஆதரவில் இது பரீட்சிக்கப்பட்டது. எடுரோம் என்னும் பெயரோடு இன்று நூற்றுக்கு மேற்பட்ட நாடுகளில் வழங்குவது அதுவே.

எடுரோம் இரண்டு வகைகளில் முன்னையவற்றிலிருந்து வேறுபட்டது. முதலாவதாக, அதிற் பணக்கணக்கு இல்லை. விருந்தினரை ஏற்கும் பல்கலைக்கழகம் அவரிடமோ அவருடைய நிறுவனத்திடமோ கட்டணம் பெறுவதில்லை. தன்னவர் வெளியே செல்லும்போது பெறும் அதே உபசரிப்பே ஈடு. பேரேடுகள் ஒத்துப்போகாமை என்னும் பிணி இதனால் வேரோடு நீங்கிற்று. இரண்டாவதாக, கடவுச்சொல் இடையிலுள்ள எவருக்கும் தெரிவதில்லை. பயனரின் கணினியும் தாய்ப் பல்கலைக்கழகத்தின் சேவையகமும் முதலில் தமக்கிடையே குறியாக்கப்பட்ட மறைவழியொன்றை அமைத்துக்கொள்கின்றன. கடவுச்சொல் அதற்குள்ளேயே செல்கிறது. இடைச் சேவையகங்கள் காண்பது ஆள்புலப் பெயரை மட்டுமே. வெளித்தெரியும் பயனர் பெயரின் இடத்தில் உண்மைப் பெயரை எழுதாது விடுதலும் இயலும். மெரிற்றின் காலத்தில் வழிநெடுகப் பரவியிருந்த நம்பிக்கை இங்கு இரு முனைகளுக்குச் சுருங்கிற்று.

வினவல் செல்லும் வழி படிநிலையானது. இலங்கையில் நாட்டுப்படிக்குரிய சேவையகத்தைக் கல்வி ஆய்வு வலையமைப்பான லேர்ன் நடத்துகிறது. இத்திட்டத்திற் சேர்ந்த இலங்கைப் பல்கலைக்கழகமொன்றின் விரிவுரையாளர் ஹெல்சிங்கியிற் கருத்தரங்கொன்றுக்குச் செல்வாராயின், அவருடைய பெயர் எல்கே என முடிவதைக் காணும் பின்லாந்துச் சேவையகம் வினவலை ஐரோப்பியத் தலைச் சேவையகத்துக்கும், அது ஆசிய பசிபிக் தலைச் சேவையகத்துக்கும், அது லேர்னுக்கும், லேர்ன் அவருடைய பல்கலைக்கழகத்துக்கும் கையளிக்கும். விடை அதே வழியே திரும்பும். அவர் தம் கைத்தொலைபேசியைப் பையிலிருந்து எடுக்குமுன் இவையாவும் முடிந்துவிடுகின்றன. பெயருக்கு 1999 இற் செய்யப்பட்ட விதி இல்லையெனில், இக்கையளிப்பில் ஒரு படியும் நடந்திராது.

நம்பிக்கை முனைகளுக்குச் சுருங்கியதால் அதன் சுமை பயனரின் தோளிலும் ஏறியுள்ளது. மறைவழியின் மறுமுனையில் இருப்பது தன் பல்கலைக்கழகமே என்பதைப் பயனரின் கருவி எண்முறைச் சான்றிதழைக் கொண்டே அறியமுடியும். அச்சான்றிதழைச் சரிபாராமல் இணைந்துகொள்ளும்படி கருவியை அமைத்துவிட்டால், தேநீர்க்கடை மூலையில் எடுரோம் என்னும் பெயரோடு எவரேனும் வைக்கும் போலி வாயிலுக்கும் அது கடவுச்சொல்லைக் கொடுத்துவிடும். மாணவர் பலர் நண்பர் சொற்கேட்டுத் தாமாக அமைப்புகளைத் தட்டி இணைப்பைப் பெறுவது வழக்கம். சரியான அமைப்புகளைத் தானே எழுதித்தரும் உதவி மென்பொருளை எடுரோம் வழங்குவதும், நிருவாகிகள் அதனையே பயன்படுத்துமாறு வற்புறுத்துவதும் இதனாலேயே.

றேடியசின் பழைய அடித்தளமும் முற்றாக மறையவில்லை. எம்டி5 கணிப்புமுறையில் மோதல்களை உண்டாக்கலாம் என்பதைச் சீன ஆய்வாளர் வாங் சியாவோயுன் குழுவினர் 2004 ஆம் ஆண்டிற் காட்டினர். 2012 இல் றேடியஸ் பொதிகளை முழுமையாகக் குறியாக்கத்துட் செலுத்தும் முறை ஆவணமாக்கப்பட்டது. ஆயினும் மாறியோர் சிலரே. 2024 சூலையில், வினவலுக்கும் விடைக்கும் இடையே நிற்கும் ஒருவர் சேவையகம் அனுப்பிய மறுப்பை ஏற்பாக மாற்றிவிட இயலும் என்பதை ஆய்வாளர் குழுவொன்று செய்தே காட்டிற்று. எடுரோம் கையாளும் பரிமாற்றத்தில் ஒவ்வொரு பொதியும் தனிச் சான்றுப் பண்பைத் தாங்கிச் செல்வதால் அது இத்தாக்குதலுக்கு உள்ளாகவில்லை. அதே சேவையகங்களைக் கொண்டு வலையமைப்புக் கருவிகளுக்குள் நுழையும் நிருவாகிகளின் சொந்தக் கடவுச்சொற்களோ பல இடங்களில் 1991 ஆம் ஆண்டு முறையிலேயே சென்றுகொண்டிருந்தன. அவ்விடங்களில் மென்பொருளைப் புதுப்பித்து, சான்றுப் பண்பில்லாத பொதிகளை ஏற்கவேண்டாம் எனச் சேவையகத்தின் கோப்பில் ஒரு வரி சேர்க்கும் பணி அவர்களுக்கு வந்துசேர்ந்தது.